தேவாங்கின் மூன்றாவது பத்தி

ஒரு காட்டில் எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். படித்துக்கொண்டிருந்தவரைப் பற்றியும் சொல்கிறேன். அவசரமில்லை, அவர் ஒருவர்தான்.

இருங்கள், நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். காட்டில் ஏது இணையம், ஏது சிக்னல்? கதையில் சிங்கம் சபை கூட்டித் தீர்ப்புச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு கேட்பீர்கள். மான் கையில் ஒரு கைபேசியைக் கொடுத்தால் மட்டும் உங்களுக்குள் தூங்கும் பொறியாளர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். மலை மேல் ஒரு கோபுரம் இருந்தது. சிக்னல் வந்தது. போதுமா? மேலே போவோம்.

அந்தக் காட்டில் கதை, கவிதையெல்லாம் யாரும் எழுதவில்லை. அறிவியலும் மருத்துவமும்தான். கரடி தேனீக்கடியைப் பற்றி எழுதியது. காட்டுப்பன்றி 'கிழங்கும் செரிமானமும்' என்று முடிவே இல்லாத ஒரு தொடர் எழுதியது. ஊசி மருத்துவம் பற்றி முள்ளம்பன்றி எழுதியதை எல்லோரும் பாராட்டினார்கள், தூரத்தில் இருந்தபடி.

எழுதியவுடன் பின்னூட்டங்கள் கொட்டும். "அருமையான பதிவு. நேரமிருந்தால் என் பக்கமும் வாங்க." பெரும்பாலும் இதுதான். பல்லி ஒருநாள் தன் வால் அறுந்துபோன வேதனையை உருக்கமாக எழுதியது. அதற்கு வந்த முதல் பின்னூட்டம்: "அருமை! இன்னும் எதிர்பார்க்கிறோம்."

இத்தனை பதிவுகளையும் யார் தேடிப் பிடித்துப் படிப்பது? அதற்காக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாரம் ஒருவர் பொறுப்பேற்பார். அந்த வாரம் வந்த பதிவுகளையெல்லாம் ஓரிடத்தில் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி அறிமுகம் எழுதி, சுட்டி கொடுத்து வெளியிடுவார். இதற்குத் திரட்டு என்று பெயர். யாரையும் விட்டுவிடக் கூடாது. யார் மனமும் புண்படக் கூடாது. பொறுப்பேற்றவர் தன் பதிவைத் தானே சேர்த்துக்கொள்ளக் கூடாது. விதிகள் இவ்வளவுதான். பதிவுகளைப் படிக்க வேண்டும் என்று இன்னொரு விதி போட யாருக்கும் தோன்றவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று விட்டிருப்பார்கள்.

சொல்லித்தான் தெரிய வேண்டும்.

இந்தக் காட்டின் நடுவே ஒரு வெட்டவெளி. அதில் ஒற்றையாக ஒரு சாம்பட்டை மரம். அந்த மரத்தில் ஒரு தேவாங்கு. பெயர் இமையாள். பழைய கதைகளில் விலங்கை 'அது' என்பார்கள். ஒரு கட்டுரையை ஒழுங்காக உட்கார்ந்து எழுதியவளை 'அது' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் என்றே சொல்கிறேன்.

இமையாளுக்கு அந்த மரம்தான் வீடு. தேவாங்குக்குத் தரையில் நடப்பது சுகமில்லை. நடந்தால் கீரிகள் சிரிக்கும், பசித்த கீரி சிரிப்பதோடு நிற்காது. சாம்பட்டையின் ஒரே ஒரு கிளைதான் பக்கத்துக் காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் போக வர இருந்த ஒரே பாதை அது. மரம் போனால் வீடும் போயிற்று, பாதையும் போயிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் வந்தால் அந்தக் காட்டில் எல்லோருக்கும் சொறி வரும். சாம்பட்டை மரத்தில் உடம்பை உரசினால் அது போய்விடும் என்று ஒரு பேச்சு இருந்தது. இமையாளுக்குப் பேச்சென்றால் பிடிக்காது, சோதனை வேண்டும். ஒரு மான் கூட்டத்திடம் கெஞ்சிக் கூத்தாடி, பாதிப் பேரை மரத்தில் உரசச் சொன்னாள், மீதிப் பேரைப் பாறையில் உரசச் சொன்னாள். மழை முடியும்வரை கிளையில் தொங்கிக்கொண்டு கண்ணிமைக்காமல் பார்த்தாள். மரத்தில் உரசியவர்களுக்கும் சொறி போனது. பாறையில் உரசியவர்களுக்கும் போனது. இரண்டும் ஒன்றாகவே போயின, மழை நின்றபோது.

அடுத்த மழைக்காலம் தொடங்கியதும் இதை எழுதினாள். 'சாம்பட்டை மரமும் மழைக்காலச் சொறியும்: ஒரு சோதனை.' முதல் பத்தியில் சொறியின் வரலாறு. இரண்டாவது பத்தியில் மரத்தைப் பற்றிய பழைய பேச்சுகள், ஒவ்வொன்றும் யார் சொன்னது, எங்கே சொன்னது என்பதோடு. மூன்றாவது பத்தியில்தான் விஷயம்: மரத்துக்கும் சொறிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, மழை நின்றால் சொறியும் நின்றுவிடும், அதுவரை பொறுங்கள்.

நல்ல கட்டுரைக்கு இருக்கக்கூடிய எல்லாக் கெட்ட குணங்களும் அதற்கு இருந்தன.

அந்த வாரத் திரட்டு மைனாவின் பொறுப்பு. மைனா நல்லவள், எல்லோருக்கும் அக்கா. கூட்டில் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்க, ஒரு கண்ணைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அறிமுகங்களை எழுதினாள். இமையாளுக்கு இப்படி எழுதினாள்:

"சொறியால் அவதிப்படுகிறீர்களா? சாம்பட்டை மரத்தைப் பற்றி நம் தேவாங்கு சோதனையே செய்து எழுதியிருக்கிறார். கட்டாயம் வாசியுங்கள்!"

மறுநாள் காலை. தேவாங்குகள் உறங்கும் நேரம். இமையாள் கிளையைக் கட்டிக்கொண்டு நல்ல தூக்கத்தில் இருந்தபோது மரம் ஆடியது. நிலநடுக்கம் என்று நினைத்துக் கீழே பார்த்தாள். காட்டெருமை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அடிமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாருங்க அது?"

"நான்தாம்மா, காட்டெருமை அண்ணாச்சி. தூக்கத்தைக் கெடுத்துட்டேனா? இன்னும் ரெண்டே இழுப்பு."

"எதுக்கு அண்ணாச்சி இந்த மரத்துல வந்து உரசுறீங்க?"

"உனக்கு விஷயமே தெரியாதா? இது சொறிக்கு நல்லதுன்னு யாரோ ஒரு தேவாங்கு சோதனை பண்ணி எழுதியிருக்காம்ல."

"அந்தத் தேவாங்கே நான்தான்!"

"அட, நீயாம்மா! அருமையான பதிவு."

"படிச்சீங்களா?"

"பகிர்ந்தேன்மா. நம்ம கூட்டம் மொத்தத்துக்கும் அனுப்பியாச்சு."

"அண்ணாச்சி, இந்த மரம் சொறியைப் போக்காதுன்னுதான் அதுல எழுதியிருக்கேன்."

காட்டெருமை உரசுவதை நிறுத்தினார். இமையாளுக்கு உயிர் வந்தது. அவர் பின்னால் நின்ற மிளா மானைத் திரும்பிப் பார்த்து, "பார்த்தியா எவ்வளவு அடக்கம்!" என்றார். "படிச்சவங்கன்னா இப்படித்தான் இருக்கணும். தான் கண்டுபிடிச்சதைத் தானே ஒத்துக்க மாட்டேங்குது பாரு."

"அண்ணாச்சி, பேசிக்கிட்டே உரசுங்க" என்றது மிளா. "பின்னால வரிசை நிக்குது."

நின்றது. மிளாவுக்குப் பின்னால் காட்டுப்பன்றிக் குடும்பம், அதன் பின்னால் கரடி, கரடிக்குப் பின்னால் எல்லோரும் கொஞ்சம் இடம் விட்டு முள்ளம்பன்றி. வரிசையில் நின்ற எல்லோர் கையிலும் கைபேசி இருந்தது. எல்லோர் கைபேசியிலும் மைனாவின் இரண்டு வரி இருந்தது. அதன் கீழே சுட்டி இருந்தது. அதைத் தொட ஒரு விரல் போதும். அந்த ஒரு விரல்தான் கிடைக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் அடிமரத்தின் கிழக்குப் பக்கம் பட்டையே இல்லை.

இமையாள் மைனாவை அழைத்தாள். மைனா வந்து கிளையில் உட்கார்ந்தாள். கீழே உரசல் நடந்துகொண்டிருந்ததால் இருவரும் ஆடிக்கொண்டேதான் பேச வேண்டியிருந்தது.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். என் பதிவைப் படிச்சீங்களா, இல்லையா?"

"இதென்னடி கேள்வி? முதல் ரெண்டு பத்தி படிச்சேன். நல்லா ஓடுச்சு."

"மூணாவதுலதான் விஷயமே இருக்கு!"

"அதைத் தூக்கி முதல்ல வைக்க வேண்டியதுதானே?"

"முதல்லயே முடிவைச் சொல்லிட்டா அப்புறம் யாரு படிப்பாங்க?"

"இப்ப யாரு படிச்சாங்க?"

இமையாள் வேறு பக்கமாகப் பாய்ந்தாள். "நீங்க எழுதின ரெண்டு வரியாலதான் என் மரம் போகுது. அதை ஒத்துக்கங்க முதல்ல."

"அதுல ஒரு பொய் காட்டு பார்ப்போம்" என்றாள் மைனா. "சொறியால அவதியான்னு கேட்டேன். அவதிதானே? சோதனை செஞ்சிருக்கார்னு எழுதினேன். செஞ்சியா இல்லையா? கட்டாயம் வாசியுங்கன்னு எழுதினேன். வாசிச்சிருந்தா இந்தக் கூட்டம் வந்திருக்குமா?"

எரிச்சல் என்னவென்றால், மைனா சொன்னதில் ஒரு ஓட்டையும் இல்லை. நானும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன்.

"அத்தனை பதிவுக்கும் நான் ஒருத்தியா எழுதணும்டி. ஒருத்தரை விட முடியாது. முள்ளம்பன்றியை விட்டா அது என் பக்கத்துல வந்து உட்கார்ந்து ஏன்னு கேக்கும். அது பக்கத்துல உட்கார்றதுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு?"

மைனா கொஞ்சம் தணிந்து ஒரு வழி சொன்னாள். "இன்னொரு பதிவு போடு. தலைப்புலயே 'உரசாதீங்க'ன்னு போட்டுடு."

"அது ஆய்வு மாதிரி இருக்காதுக்கா. சுவர்ல எழுதற மாதிரி இருக்கும்."

இந்த இடத்தில் இமையாள் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. வீடு உரிந்துகொண்டிருக்கிறது, இவளுக்கு மொழிநடை முக்கியம். அவள் எழுதிய இரண்டாவது பதிவின் தலைப்பு: 'முந்தைய பதிவு குறித்துச் சில விளக்கங்கள்.' முதல் பத்தியில் வாசகர்களுக்கு நன்றி. இரண்டாவது பத்தியில் சோதனை முறை. மூன்றாவதில் என்ன இருந்தது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

அடுத்த வாரத் திரட்டைக் காட்டுப்பன்றி போட்டது. அது எழுதியது:

"சாம்பட்டை பற்றித் தேவாங்கு மீண்டும்! கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் விளக்கம். ஆறுவதற்குள் வாசியுங்கள்."

மறுநாள் யானைகள் வந்தன.

யானை உரசுவதற்கும் மற்றவர்கள் உரசுவதற்கும் உள்ள வித்தியாசம் மரத்தின் மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும். இமையாள் நாலு கைகாலாலும் கிளையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். ஒரு குட்டி யானை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, மேலே ஒரு பழம் கத்துது" என்றது.

யானைகள் போனபின் அவள் இறங்கி வந்து அடிமரத்தைச் சுற்றிப் பார்த்தாள். வடக்குப் பக்கம் கையகலத்துக்கு ஒரு பட்டை மிச்சம் இருந்தது. பட்டை சுற்றிலும் போய்விட்டால் இலை சமைத்தது வேருக்குப் போய்ச் சேராது. முதலில் வேர் பட்டினி கிடக்கும், பிறகு மரம். அந்தக் கையகலம் இருக்கும்வரைதான் வீடு.

"அடுத்த வாரம் நீயே பொறுப்பை எடுத்துக்கோ" என்றாள் மைனா. அவளுக்கும் மனசு கேட்கவில்லை.

"என் பதிவை நான் சேர்க்கக் கூடாதே?"

"சேர்க்க வேண்டாம். உன் சோதனையைப் பத்தி யாராவது ஒருத்தர் சரியா எழுதியிருப்பாங்க. அதைத் தேடி எடு. முதல் இடத்துல போடு. 'உரசாதீர்கள், மரம் சொறியைப் போக்காது'ன்னு ரெண்டே வரி எழுது. அந்த ரெண்டு வரியைத்தானே எல்லாரும் படிக்கிறாங்க? அது ஒரு வாரம் உன் கையில இருக்கும்."

இமையாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எடுத்துக்கறேன். ஆனா உங்களை மாதிரி இல்லக்கா, ஒவ்வொரு பதிவையும் கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டுத்தான் எழுதுவேன். திரட்டுன்னா எப்படி இருக்கணும்னு இந்தக் காடு பார்க்கட்டும்."

மைனா தன் சிறகைக் கோதிக்கொண்டாள்.

பொறுப்பு வந்தது. பதிவுகளும் வந்து குவிந்தன. இமையாள் முதலாவதைத் திறந்தாள். காட்டுப்பன்றியின் 'கிழங்கும் செரிமானமும்', புதிய பகுதி. கடைசி வரி வரை படித்தாள். படித்தவுடன் ரத்தம் கொதித்தது. பின்னூட்டத்தில் போய்க் கேட்டாள்:

"பச்சைக் கிழங்கே செரிமானத்துக்கு நல்லது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். எத்தனை பன்றிகளிடம் சோதித்தீர்கள்?"

"நான் ஒருத்தன்தான்" என்று பதில் வந்தது. "நான்தானே சாப்பிட்டேன்?"

"ஒருவரை வைத்து எப்படி முடிவுக்கு வருவது?"

"வயிறும் ஒண்ணுதானே இருக்கு?"

இதை எப்படி விடுவது? நீங்கள் விடுவீர்களா? இமையாளால் முடியவில்லை. மாதிரிகளின் எண்ணிக்கை பற்றி அவள் எழுதிய பதில், பதிவைவிட நீளமாகப் போனது. பன்றி அதற்கு ஒரு சிரிப்பு முகத்தை மட்டும் போட்டது. அதற்கு அவள் இன்னும் நீளமாக எழுதினாள். பிறகு பன்றியின் தம்பிகளும் மச்சான்களும் இமையாளின் பக்கத்துக்கே வந்து, "தேவாங்கு மாதிரி இருந்துக்கிட்டு என்ன பேச்சு?" என்று கேட்டார்கள். தேவாங்கு வேறு எந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அவள் அவர்களோடும் வாதாடினாள். கடைசியில் கோபத்தில் தன் பக்கத்துக்கு மட்டுறுத்தல் போட்டாள். அதாவது, இனி அவள் பார்த்து அனுமதித்தால்தான் எந்தப் பின்னூட்டமும் வெளியே தெரியும். அந்தக் காட்டில் அதற்குமுன் யாரும் அப்படிச் செய்ததில்லை.

தலையைத் தூக்கிப் பார்த்தால் திரட்டு போட வேண்டிய நாள் வந்திருந்தது. சேர்க்க வேண்டிய பதிவுகள் அப்படியே கிடந்தன. மரத்தைப் பற்றிச் சரியாக எழுதியவர் யாரென்று தலைப்புகளில் வேகவேகமாகத் தேடினாள். சாம்பட்டை என்ற சொல் எந்தத் தலைப்பிலும் இல்லை. யாரையும் விடக் கூடாது, யார் மனமும் புண்படக் கூடாது. விரல்கள் தாமாக ஓடத் தொடங்கின.

"கரடியாரின் அனுபவம் பேசுகிறது. தவறவிடாதீர்கள்!" "முள்ளம்பன்றியின் கூர்மையான பார்வை. அவசியம் வாசியுங்கள்!" "காட்டுப்பன்றியின் தொடர், சூடான விவாதங்களுடன்!"

கடைசியாக இருந்தது ஆமையுடையது. குளத்தோரம் இருந்த அந்த ஆமையை எல்லோரும் மாமா என்பார்கள். எப்போதாவதுதான் எழுதுவார். 'மழைக்கால வாசிப்பு: சில எண்ணங்கள்' என்று தலைப்பு. இமையாள் முதல் பத்தியைப் படித்தாள், குளத்தைப் பற்றி. இரண்டாவது பத்தியைப் படித்தாள், அவருடைய கண்பார்வையைப் பற்றி. நல்லாத்தான் ஓடியது. எழுதினாள்:

"ஆமை மாமாவின் நிதானமான எழுத்து. அவசரமில்லாதவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்!"

மூன்றாவது பத்தியில் என்ன இருந்தது என்று இப்போது சொல்ல மாட்டேன். அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்கு?

இதுவரை வந்த திரட்டுகளிலேயே இதுதான் சிறந்தது என்று காடே கொண்டாடியது. "அருமையான அறிமுகங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஆழமாகப் படித்திருக்கிறீர்கள்!" என்று முள்ளம்பன்றி நெகிழ்ந்துபோய் எழுதியது. மைனா மட்டும் பறந்து வந்து எதிர்க்கிளையில் உட்கார்ந்தாள்.

"கடைசி வரி வரைக்கும் படிச்சியா?"

"பேசாதீங்கக்கா."

மைனா பேசவில்லை. அன்றைக்கு அதுவே பெரிய இரக்கம்.

உரசல் தொடர்ந்தது. கையகலப் பட்டை விரலகலம் ஆனது. இமையாள் இறங்கி வந்து அந்த விரலகலத்தின் மேல் முதுகை வைத்து, கைகளை விரித்து நின்றாள். வந்தவர்கள் அவளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது மழை நின்றது.

வெயில் வந்தது. சொறி போனது. மரத்தில் உரசியவர்களுக்கும் போனது, வரிசையில் இடம் கிடைக்காமல் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்கும் போனது, எதிலும் உரச முடியாத மீனுக்கும் போனது. இமையாள் எழுதியபடியே எல்லாம் நடந்தது. நியாயமாகப் பார்த்தால் இது அவளுடைய வெற்றி.

"மரம்! மரம்!" என்று கத்தியது காடு.

காட்டெருமை அண்ணாச்சி கூட்டம் போட்டார். கூட்டம் முடிந்ததும் நேரே மரத்தடிக்கு வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"இமையா, முடிவு பண்ணியாச்சு. இது இனிமே காட்டோட மருத்துவ மரம். சுத்தி முள்வேலி போடறோம். யாரும் ஏறக் கூடாது. சொறி வந்தா அண்ணாந்து பார்த்தாப் போதும், உரசக் கூடாது. பட்டை திரும்ப வளரட்டும்."

இமையாளுக்குக் கண் நிறைந்தது. பிறகுதான் முழுவதும் உறைத்தது. "யாரும் ஏறக் கூடாதுன்னா, நான் இங்கதானே இருக்கேன் அண்ணாச்சி?"

"நீ இரும்மா! உன்னை யாரு போகச் சொன்னா? கண்டுபிடிச்சவளுக்கு ஆயுசுக்கும் அனுமதி. நாளைக்கு விழா. ஏற்புரை தயார் பண்ணிக்கோ."

"ஒருவேளை... நான் எதையும் கண்டுபிடிக்கலைன்னா?"

காட்டெருமை யோசித்தார். அவர் யோசிப்பதைப் பார்க்கவே சிரமமாக இருந்தது.

"அப்போ நீ வெறும் தேவாங்கு. இறங்கணும்."

"மரத்துக்கே அந்தக் குணம் இல்லைன்னா?"

"குணம் இல்லாத மரத்துக்கு வேலி எதுக்கு? வழியில நிக்குதுன்னு யானைங்க ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கு. தள்ளிட்டுப் போகட்டும்னு விட்டுடுவோம்." சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சிரித்தார். "ஏம்மா இந்த அடக்கம்? ஒரேயடியா அடங்காதே. கொஞ்சமாவது பெருமைப்படு."

இந்தக் கட்டத்தில் பழைய கதையாக இருந்தால், கதாநாயகி உண்மையைச் சொல்வாள். வனதேவதை தோன்றி அவளுக்குப் பொன்மரம் ஒன்று கொடுப்பாள். இந்தக் காட்டில் வனதேவதையும் பதிவுதான் எழுதிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சுலபமாகச் சொல்லிவிடுவீர்கள், உண்மையைச் சொல்லட்டும் என்று. உங்களுக்கென்ன, உங்கள் வீட்டை யானை தள்ளப்போவதில்லை. பொய் சொல்லட்டும் என்றும் சொல்லிவிடுவீர்கள். அவள் ஒரு மழைக்காலம் முழுக்க மான்களைப் பார்த்தபடி தொங்கியவள். அந்தக் கைவலிக்கு என்ன பதில் சொல்வீர்கள்? இமையாள் உட்கார்ந்து ஏற்புரையை எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். மைனாவைக்கூட உதவிக்குக் கூப்பிடவில்லை.

விழா பிரமாதமாக நடந்தது. முள்வேலி புத்தம் புதிதாக இருந்தது. பொன்னாடை என்று சொல்லி ஒரு தேக்கிலையைப் போர்த்தினார்கள், அந்த இலைக்குள் இமையாள் காணாமல் போனாள். தேடி எடுத்து ஒலிவாங்கி முன்னால் நிறுத்தினார்கள். மைனா பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இமையாள் பேசினாள். முதலில் எல்லோருக்கும் நன்றி சொன்னாள். காட்டெருமை அண்ணாச்சிக்குத் தனியாக, யானைகளுக்கு இன்னும் தனியாக. கைத்தட்டல். அடுத்ததாகச் சொறியின் வரலாற்றைச் சொன்னாள், பூர்வகாலத்தில் இருந்து. மான்கள் திரும்பி நின்று தங்களையே படம் எடுக்க ஆரம்பித்தன. கரடி கைபேசியில் வேறு ஏதோ பார்த்துச் சிரித்தது. பன்றிகள் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தன. யானைகள் நின்றபடியே தூங்கின.

அப்போது அவள் தாளைத் திருப்பி, குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும், ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்:

"இந்த மரம் சொறியைக் குணப்படுத்தாது. போன மழையிலும் குணப்படுத்தவில்லை. மழை நின்றதால்தான் சொறி நின்றது. நான் கண்டுபிடித்தது இதை மட்டும்தான். நன்றி, வணக்கம்."

நன்றி, வணக்கம் என்ற சொற்கள் மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தன. காடே எழுந்து நின்று கைதட்டியது.

"அருமையான பேச்சும்மா" என்றார் காட்டெருமை, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மைனா கைபேசியைத் தாழ்த்தினாள். "மூணாவது பத்தியா?" என்று கேட்டாள் மெதுவாக.

"ஆமாக்கா."

"நல்ல இடம்."

வீடு திரும்பியதும் இமையாள் உரையை ஒரு சொல் விடாமல், விழாப் படங்களோடு தன் பக்கத்தில் போட்டாள். மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லியாயிற்று, சபையில் சொல்லியாயிற்று, எழுத்திலும் போட்டாயிற்று. மரமும் நிற்கிறது. பின்னூட்டங்கள் வந்துகொண்டே இருந்தன. "அருமை." "வாழ்த்துகள்." "மரத்தின் பெருமையை உணர்த்திய உரை." எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அனுமதித்தாள்.

அப்புறம் ஒன்று வந்தது.

"அன்புள்ள இமையாளுக்கு, ஆமை எழுதுவது. உரையைக் கடைசி வரை படித்தேன். மரம் குணப்படுத்தாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறாய். முதல் பதிவின் மூன்றாவது பத்தியிலும் இதையேதான் எழுதியிருந்தாய். அப்படியென்றால் வேலி எதற்கு, விழா எதற்கு என்று இவர்களுக்கு விளங்கவில்லை போலிருக்கிறது. உன் பதிவைப் படித்து, உரசாதீர்கள் என்று நானும் ஒரு பதிவு எழுதினேன். நீதான் அதைத் திரட்டில் சேர்த்து, கட்டாயம் வாசிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லியிருந்தாய். அதனால் உனக்குத் தெரிந்திருக்கும். இந்தப் பின்னூட்டத்தை வெளியிட்டால் நாலு பேருக்கு விஷயம் புரியும்."

இமையாள் ஆமை மாமாவின் பதிவைத் திறந்தாள். குளத்தைத் தாண்டினாள், கண்பார்வையைத் தாண்டினாள். மூன்றாவது பத்தியில் அவளுடைய சோதனை முழுவதும் இருந்தது. மரத்துப் பாதி, பாறைப் பாதி, மழை, முடிவு. அவள் எழுதியதைவிடத் தெளிவாக இருந்தது. ஒரே ஒரு வாசகர் கிடைத்தால் போதும் என்று அவள் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். கிடைத்திருந்தார். மழை பெய்துகொண்டிருந்தபோதே கிடைத்திருந்தார். இரண்டு வரி எழுதி அவரைக் கடந்து போனவள் அவளேதான்.

கீழே பார்த்தாள். முள்வேலி. வேலிக்குள் மரம். விரலகலப் பட்டையின் ஓரத்தில் புதிதாக இளம்பச்சை தெரிந்தது. ஒரு யானை அந்தப் பக்கமாக வந்து, வேலியைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போனது.

கைபேசியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. வெளியிடு. நீக்கு. நீக்கினால் அவள் தன்னை மன்னிக்க மாட்டாள், அவள் அப்படிப்பட்டவள் அல்ல. வெளியிட்டால்? அந்தப் பின்னூட்டத்தில் ஒரே ஒரு பத்திதான் இருந்தது. எல்லோரும் படித்துத் தொலைப்பார்கள்.

வெகுநேரம் இமைக்காமல் பார்த்தாள். பிறகு இரண்டையும் தொடாமல், ஆமை மாமாவுக்குத் தனிச்செய்தி ஒன்று அனுப்பினாள்: "அருமையான பின்னூட்டம் மாமா. தொடர்ந்து வாசியுங்கள்."

அது இன்னும் மட்டுறுத்தலில்தான் இருக்கிறது. ஆமை மாமாவும் தினமும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பதிவர் வேலையாக இருப்பார், மெதுவாக வெளியிடட்டும் என்று நினைத்துக்கொள்கிறார். அவருக்குத்தான் அவசரமே கிடையாதே.

நீதி: உண்மையை ஒருபோதும் மறைக்காதீர்கள், மூன்றாவது பத்தியில் எழுதிவிடுங்கள். அதையும் ஒருவர் தேடி வந்து படித்துவிட்டால், அவரை வாயார வாழ்த்துங்கள், பின்னூட்டத்தை மட்டும் வெளியிட்டுவிடாதீர்கள்.